இடது தோளுக்கு ஒரு துவக்கு

மே 3

வேட்டைத் தேர்வில் தேறிவிட்டேன். முதியோர் இல்லத்தில் மாத்திரை கொடுத்து, படுக்கை மாற்றித் திரியும் சுகிர்தா இனி நோர்வே அரசாங்கத்தின் கண்ணில் ஒரு வேட்டைக்காரி. வகுப்பு எடுத்தவர் எல்லோரையும் நாட்குறிப்பு எழுதச் சொன்னார். எந்தத் துவக்கு, என்ன காற்று, குறி எங்கே பிழைத்தது என்றெல்லாம் எழுதவேண்டுமாம். நான் தமிழில் எழுதுகிறேன். இந்தப் பள்ளத்தாக்கில் அதை வாசிக்கக்கூடிய ஆள் ஒருவர்தான், அவரும் என் புருசனாக இந்த வீட்டிலேயே இருக்கிறார். ஆகவே இது அரிசி வாளிக்குள் போகும்.

என்னை இதில் இழுத்துவிட்டவள் தூரிட். என்னோடு வேலை செய்கிறவள், எல்க் மான் வேட்டைக்குப் போகும் குழு ஒன்றின் தலைவி. குழுவில் ஒரு கிழவர் முழங்கால் போய் விலகிவிட்டார், அந்த இடத்துக்கு நீ வா என்றாள். ஏன் நான்? இங்கே துவக்குப் பிடிக்கத் தெரியாதவர் யார்? நேரே கேட்டேன். "நீ மணிக்கணக்காகப் பேசாமல் இருப்பாய். எல்க் வேட்டைக்கு அதுதான் வேண்டும்" என்றாள். புகழ்ந்தாளா நக்கலடித்தாளா என்று இன்னும் பிடிபடவில்லை.

பெர்கனில் படிக்கிற மகள் போனில், "அம்மா, உங்களுக்கென்ன விசரோ?" என்றாள். ஒஸ்லோச் சினேகிதிகள் எல்லோரும் ஏன், ஏன் என்று குடைந்தார்கள். இவர் மட்டும் ஏன் என்று கேட்கவில்லை. தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டு, "எந்தக் கண்ணால குறி பாக்கிறனீர்?" என்றார்.

மே 11

இவருடன் துவக்குக் கடைக்குப் போனேன்.

எனக்கு இடது கண்தான் பலமான கண் என்று வகுப்பில் கண்டுபிடித்தார்கள். சின்ன வயதில் இடக்கையை நீட்டினால் முதுகில் விழும், அதனால் சோறும் எழுத்தும் வலக்கைக்கு மாறிவிட்டன. கண்ணை யாரும் அடித்துத் திருத்தவில்லை. ஆகவே துவக்கு என் இடது தோளில்தான் உட்காரவேண்டும்.

கடைக்காரர் அஸ்பியோர்ன் ஒரு சுவர் நிறையத் துவக்கு மாட்டியிருக்கிறார். முக்கால்வாசி வலக்கைக்காரருக்குச் செய்தவை. ஒவ்வொரு வெடிக்கும் பிடியை இழுத்து மூடும் வகையை எடுத்தால் பிடி வலப்பக்கம் இருக்கும், ஒவ்வொரு தரமும் கையைத் துவக்குக்கு மேலால் கொண்டுபோக வேண்டும். அதற்குள் எல்க் ஸ்வீடனுக்கே போய்விடும். அரைத் தானியங்கி என்றால் அந்தத் தொல்லை இல்லை. ஒரு வெடி வைத்தால் அடுத்த ரவை தானாக ஏறும், விரலை மட்டும் மறுபடி அழுத்தவேண்டும். வேட்டைக்கு மூன்று ரவைக்கு மேல் போட விடமாட்டார்கள், எனக்கு ஒன்றே அதிகம்.

அஸ்பியோர்ன் அப்படி ஒன்றை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, போன் அடிக்கிறதென்று உள்ளே போனார். இவர் அதைத் தூக்கினார். வாயை நிலத்துக்குத் திருப்பினார். வலக்கை தன்பாட்டில் பிடியை இழுத்தது, சுண்டுவிரல் உள்ளே போய் ரவை இருக்கிறதா என்று தடவிப் பார்த்தது, பிடி மூடியது. எல்லாம் நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போடுகிற நேரத்துக்குள். பிறகு ஏதோ சூடான சட்டியைத் தொட்டவர் மாதிரிக் கீழே வைத்துவிட்டார்.

"இது உமக்குச் சரிவராது," என்றார். "கோது வலப்பக்கத்தால பாயும். உம்மட முகமும் துவக்குக்கு வலப்பக்கம்தான் இருக்கும். கழுத்துக்குள்ள விழும்."

கடைக்காரர் திரும்பி வந்து, ரவை வெடித்த பிறகு வெளியே தெறிக்கும் பித்தளைக் கோதைப் பற்றி அதையே நோர்வேஜிய மொழியில் நீட்டி முழக்கிச் சொன்னார். நான் அப்போதுதான் கேட்பவள் மாதிரித் தலையாட்டினேன்.

இவர் ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். அகதி விண்ணப்பத்திலும் அதுதான் எழுதியிருக்கிறது, கலியாணத்தின்போதும் அதைத்தான் சொன்னார்கள்.

மே 12

கேட்டேன். படத்தில் பார்த்தாராம். இந்த வீட்டில் படம் பார்க்கத் தொடங்கிய பத்தாவது நிமிடம் குறட்டை விடுகிறவர்.

மே 19

ஞாயிற்றுக்கிழமை. வவுனியாவிலிருந்து அம்மா போன் எடுத்தா. எடுக்காத ஞாயிறு இல்லை. வாரம் முழுக்கத் தெருவோரக் கொட்டிலில், காணாமல்போன பிள்ளைகளைக் கேட்டுக் குந்தியிருக்கும் மற்றத் தாய்மாரோடு, தம்பியின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறா. வெயில் கூடவாம், கால் வீக்கமாம். என்னோடு கதைப்பது ஒப்புக்கு. பிறகு, "மருமோனிட்டக் குடு" என்பா.

இவர் போனை வாங்கி எழுந்து நிற்பார். இருந்தபடி அம்மாவோடு கதைத்ததே இல்லை.

"தம்பி, அங்கத்தை ஆக்கள் ஆரும் சேந்தனைப் பற்றி ஏதும் சொன்னவையோ? புதுசா ஆரும் வந்தவையோ?"

"விசாரிக்கிறன் மாமி."

சேந்தன் என் ஒரே தம்பி. பதினேழு வயதில் ரியூசனுக்கு என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவன் இயக்கத்துக்குப் போய்விட்டான். அதோடு சரி. செத்தான் என்று ஒருவரும் வந்து சொல்லவில்லை, பிடிபட்டான் என்றும் இல்லை. அம்மா அவன் இருக்கிறான் என்கிறா. நான் ஒன்றும் சொல்வதில்லை.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. இங்கே வந்து சேர்ந்த எந்த ஆம்பிளையிடமும் "நீங்கள் அதில இருந்தனீங்களோ?" என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் அந்த ஆளின் விசாவையே உலுக்கின மாதிரி. சாப்பாட்டில் உப்புக் கூட என்று முகத்துக்கு நேரே சொல்லும் சனம் இதை மட்டும் கேட்காது. கலியாணம் கட்டினவளும் கேட்கமாட்டாள்.

ஜூன் 8

தூரிட்டின் அண்ணன் ஒரு துவக்கை விற்கப்போகிறாராம். அரைத் தானியங்கி, வலக்கைக்காரருக்குச் செய்தது, ஆனால் பழகினால் சரி என்கிறார். இடக்கைக்காரருக்கென்று கோது இடப்பக்கம் பாயும்படி செய்த வகையும் உண்டு, அதைக் கடையில் சொல்லித்தான் எடுப்பிக்கவேண்டும். நான் பழையதையே எடுக்கலாம் என்று நினைத்தேன்.

இவர் வேண்டாம் என்றார். ஏன் என்றேன். "வேண்டாம் எண்டா வேண்டாம்." இந்த வீட்டில் எந்தத் திரைச்சீலை வாங்குவது என்றுகூட அபிப்பிராயம் சொல்லாத ஆள்.

எனக்கு விளங்கிவிட்டது. துவக்கு வாங்கினால் பொலிஸ் அனுமதி வேண்டும். பொலிஸ் வந்தால் வீட்டில் யார் யார், முன்னம் என்ன செய்தவர்கள் என்று கிளறும். அதற்குத்தான் பயப்படுகிறார். நேரே சொல்லத் துணிவில்லாமல் துவக்கில் குறை பிடிக்கிறார். சொல்லட்டுமே, நானா காட்டிக் கொடுக்கப்போகிறேன்?

ஜூன் 15

பின்னேரம் தோட்டத்து ருபார்ப்பின் புளித்தண்டை வெட்டிப் பாகு காய்ச்சினேன். அடி பிடித்துவிட்டது. இவர் வேலை முடிந்து ஒன்றரை மணித்தியாலம் பிந்தி வந்தார். மர ஆலையில் கூட்டமாம். மர ஆலையில் கூட்டம் நடந்தால் சட்டையில் மரத்தூள் இருக்கும், துவக்கு எண்ணெய் மணக்காது.

ஜூன் 17

கடைக்கு நானே போனேன். பழைய துவக்குக்குப் போடும் தூரப்பார்வைக் கண்ணாடி பற்றிக் கேட்கும் சாட்டில். அஸ்பியோர்ன் என்னைக் கண்டதும், "உங்கள் கணவர் நல்ல கெட்டிக்காரர். இடக்கைத் துவக்கைப் பற்றி இவ்வளவு விவரமாகக் கேட்ட ஆளை நான் கண்டதில்லை. எந்தப் படைப்பிரிவில் சேவை செய்தார்?" என்றார்.

இந்த நாட்டில் ஆம்பிளை என்றால் கட்டாய இராணுவ சேவை செய்திருப்பான் என்று எல்லோருக்கும் எண்ணம். அவருக்கு அது வானிலை விசாரிப்பது போல ஒரு கேள்வி. "சைக்கிள் பிரிவு" என்று சொல்லிவிட்டு வந்தேன். மனுசன் அதையும் நம்பி, சுவிஸ்காரரிடமும் அப்படி ஒன்று இருந்தது என்றார்.

ஆக, பொலிஸுக்குப் பயந்து ஒளிக்கவில்லை. பயந்தவன் தானாகத் துவக்குக் கடைக்குப் போவானா? என் கணக்குப் பிழைத்துவிட்டது. இவர் வலக்கைக்காரர். வலக்கைக்காரனுக்கு இடக்கைக்காரனின் கழுத்தைப் பற்றி என்ன கவலை? எங்கே பார்த்தார், யாரிடம் பார்த்தார்?

ஜூலை 6

பிடிவாதமாகத் தூரிட்டின் அண்ணனுடைய துவக்கை இரவல் வாங்கிச் சுட்டுப் பார்க்கச் சூட்டுத் தளத்துக்குப் போனேன். தூரிட்டும் அண்ணனும் பக்கத்தில். இவர் தானும் வருவதாக ஏறி உட்கார்ந்துவிட்டார். கையில் ஒரு துவாய்.

"என்னத்துக்கு இது, குளிக்கவோ?" என்றேன்.

"வலப்பக்கக் கழுத்தைச் சுத்திக் கட்டும். மேல் பட்டனையும் பூட்டும்."

நான் கட்டவில்லை. வரிசையில் நடுவில் ஒரு இடம் வெறுமையாக இருந்தது, போய்ப் படுக்கப்போனேன். இவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். நாலு பேர் முன்னால் என் கையைப் பிடிக்கிற ஆளே இல்லை.

"இடக்கைக்காரர் இடது ஓரத்திலதான் படுக்கவேணும். நடுவில படுத்தா முகம் பக்கத்து ஆளைப் பாத்தபடி இருக்கும், அவன்ர கோதெல்லாம் உம்மட முகத்துக்குத்தான் வரும்."

தூரிட் என்ன சொல்கிறார் என்று கேட்டாள். மொழிபெயர்த்தேன். அவள் அண்ணன் "மிகச் சரி, மிகச் சரி" என்று இடது ஓரத்தைக் காட்டினார்.

மூன்றாவது வெடியில் கோது என் சட்டைக் கழுத்துக்குள் விழுந்தது. துள்ளி எழும்பிக் கத்தினேன், மானத்தை வாங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தால் கழுத்து எலும்புக்கு மேலே ஒரு நீளக் கொப்புளம். இவர் மருந்து பூசிவிட்டார்.

"உங்கட ஆக்களுக்குத் தோல் மெல்லிசு," என்றார். "உடன பொங்கிப்போடும்."

எங்கட ஆக்கள் யார்? அப்பா எங்கள் கலியாணத்துக்கு முதலே போய்விட்டார். இவர் இலங்கைக்குப் போகமுடியாததால் திருச்சியில் வைத்த கலியாணத்துக்கு அம்மா வந்து ஒரு கிழமை நின்றா, அதற்குள் அவவுக்கு எங்கே எது பொங்கியது? பிறகு யாருடைய தோலைப் பார்த்தார்?

ஜூலை 7

நித்திரை சரியாக இல்லை. உருளைக்கிழங்குப் பாத்திக்கு மண் அணைத்தேன்.

ஜூலை 9

சேந்தன் இடக்கைக்காரன். என்னை அடித்துத் திருத்தின மாதிரி அவனைத் திருத்த முடியவில்லை. எழுத்து, சாப்பாடு, பந்து எறிவது எல்லாம் இடக்கை. அப்பா களைத்துப்போய் விட்டுவிட்டார். வீட்டுக்கு யாரும் வந்தால் அவனைக் குசினிக்குள் வைத்துச் சாப்பிடவிடுவா அம்மா, மரியாதை இல்லை என்று சொல்லிவிடுவார்களாம்.

இதை நான் இவருக்கு எப்போதாவது சொன்னேனா? மூளையைக் கசக்கிப் பார்க்கிறேன். சேந்தனைப் பற்றி நானும் இவரும் கதைத்ததே விரல் விட்டு எண்ணலாம். சுவரில் இருப்பது அடையாள அட்டைக்கு எடுத்த படம், கை தெரியாது. அம்மா போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் எவ்வளவு பெருமை பேசினாலும் பிள்ளையின் இடக்கையை அம்மா மருமகனுக்குச் சொல்லமாட்டா.

சொல்லியிருப்பேன். நான்தான் மறந்திருப்பேன்.

ஜூலை 21

ஞாயிறு. அம்மா. "விசாரிக்கிறன் மாமி." நான் இன்று குசினிக்குப் போகாமல் முன்னாலேயே நின்று இவர் முகத்தைப் பார்த்தேன். இவர் யன்னலைப் பார்த்தபடி நின்றார். வெளியே ஒன்றும் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டிக்கொண்டிருந்தார்.

ஓகஸ்ட் 4

இன்று நான் ஒரு கெட்ட வேலை செய்தேன்.

மத்தியானம் மீன் குழம்பு. இவர் ரசித்துச் சாப்பிடுகிற நேரம் பார்த்து, சும்மா கதை மாதிரித் தொடங்கினேன். "எனக்கு மட்டும் எப்பிடி இந்த இடது கண் வந்ததோ தெரியேல்ல. அம்மா வலக்கை, அப்பா வலக்கை. சேந்தனும் வலக்கைதான், அவன் பந்து எறிஞ்சா றோட்டைத் தாண்டும்."

இவர் சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது. நான் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஆனால் அந்தக் கையைப் பார்க்காமல் எப்படி இருப்பது?

"ஓம்," என்றார். "நீர் முந்தியே சொன்னனீர்."

நான் முந்திச் சொல்லியிருக்கவே முடியாது. அது இன்றைக்கு, அந்த நிமிடம், நான் கட்டிவிட்ட பொய்.

தெரியாதவனாக இருந்தால் அப்படியா என்று கேட்டிருப்பார். அம்மா சொல்லித் தெரிந்தவனாக இருந்தால் இல்லையே, இடக்கை என்றல்லவா மாமி சொன்னவா என்றிருப்பார். பிடித்தது சரி. பிடித்ததை வைத்து என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்.

ஓகஸ்ட் 13

புதுத் துவக்கு வந்துவிட்டது. பழையதை அன்றைக்குப் பிறகு நான் தொடவேயில்லை, அந்தக் கொப்புளம் போதும். கடையில் சொல்லி எடுப்பித்த இடக்கை வகை. கோது வாசல் இடப்பக்கம், பூட்டும் இடக்கைப் பெருவிரலுக்கு வாகாக. தோளில் வைத்தால் எனக்கென்றே பிறந்த மாதிரி இருக்கிறது. அனுமதிக்குப் பொலிஸ் என்னைப் பற்றித்தான் கேட்டது, இவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சட்டப்படி துவக்கை இரும்பு அலமாரியில் பூட்டவேண்டும், அதன் இலக்கம் அனுமதி எடுத்தவருக்கு மட்டும்தான் தெரியலாம். கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில் இந்த வீட்டில் எனக்கு மட்டும் என்று ஒரு பூட்டு. நாட்குறிப்பையும் அரிசி வாளியிலிருந்து அங்கே மாற்றிவிட்டேன். நான் இலக்கத்தை அமுக்கியபோது இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஓகஸ்ட் 24

சூட்டுத் தேர்வு. ஐந்து வெடி, ஐந்தும் மான் உருவத்தின் நெஞ்சு வட்டத்துக்குள் விழவேண்டும். ஐந்தும் விழுந்தன. கோதுகள் எல்லாம் இடப்பக்கம் புல்லுக்குள் பறந்தன. தூரிட் கட்டிப் பிடித்தாள். இவர் தூரத்தில் காருக்குப் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தார். காற்றில் தூசு என்றார்.

நான் துவக்கை உறையில் போட்டுக்கொண்டே கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். கடை பூட்டமுதல் பால் வாங்கவேண்டியிருந்தது.

செப்டெம்பர் 8

அம்மா எடுத்தா. கால் வீக்கம் வற்றவில்லை. கொட்டிலில் இருந்த ஒரு தாய் போன கிழமை செத்துப்போனாவாம், மகனின் படத்தை மடியில் வைத்தே எரித்தார்களாம். "நான் அப்பிடிப் போகமாட்டன்," என்றா. "அவன் வருவான், இல்லாட்டிச் சேதி வரும். ரெண்டில ஒண்டு வராமல் என்ர கட்டை வேகாது."

சேதி இந்த வீட்டில் சோபாவில் இருந்துகொண்டு செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறது என்று எப்படிச் சொல்வேன்?

செப்டெம்பர் 14

சீதனம் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டு மாப்பிள்ளை, வதிவிட உரிமை உள்ளவர், ஒரு சதம் வேண்டாம் என்றார். அம்மா நாலு இடத்தில் விசாரித்தா, மாப்பிள்ளைக்கு வலிப்பு ஏதும் இருக்கோ, முன்னம் ஒரு குடும்பம் இருக்கோ என்று. ஒன்றும் அகப்படவில்லை. சீதனம் வேண்டாம் என்றால் ஏதோ ஒரு குறை இருக்கும் என்று அப்போது ஊரே சொன்னது. நான்தான் நல்ல மனுசன் என்றேன்.

நல்ல மனுசன்தான். அதுதான் பயமாக இருக்கிறது. கெட்டவன் என்றால் எப்போதோ கேட்டிருப்பேன்.

செப்டெம்பர் 24

நாளை வேட்டை தொடங்குகிறது. காலையில் சீட்டுக் குலுக்கி யார் எந்த இடத்தில் காவல் இருப்பது என்று பிரிப்பார்கள். துவக்கு இல்லாத ஒருவர் துணைக்கு இருக்கலாம். இவரை வரச் சொன்னேன். "நானோ?" என்றார். "நீங்கள்தான்."

காவல் இடத்தில் எழும்பிப் போகமுடியாது. தொலைக்காட்சி இல்லை, பால் வாங்கப் போகத் தேவையில்லை.

செப்டெம்பர் 25

சதுப்பு நிலத்தின் கரை எனக்கு விழுந்தது. பைன் மரத்தடியில் சாக்கு விரித்து இரண்டு பேரும் உட்கார்ந்தோம். பனி புல்லில் வெள்ளையாகக் கிடந்தது. காதுக் கருவியில் தூரிட், நாயை அவிழ்த்துவிட்டோம் என்றாள். எல்க் வருவதானால் எங்கள் முன்னால் இருக்கும் இந்த வெளியைத் தாண்டித்தான் வரவேண்டும்.

நெடுநேரம் இருந்தோம். பிறகு நான் துவக்கிலிருந்த ரவைகளைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டேன். நிரப்பிய துவக்கோடு புருசனிடம் கேட்கிற கேள்வி இல்லை அது. இவர் என் கையையே பார்த்தார். ரவை பைக்குள் விழுந்தபோதே விளங்கிக்கொண்டார் என்று நினைக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டார்.

"சேந்தன் எங்க?" என்றேன்.

வேட்டையில் கதைக்கக்கூடாது. காற்று மாதிரிக் கதைத்தார்.

"என்னட்டப் பயிற்சிக்கு வந்தவன். நான்தான் புது ஆக்களுக்குச் சுடப் பழக்கிறனான். அவன் இடக்கை. கோது பட்டுக் கழுத்தெல்லாம் கொப்புளம். நான் துவாய் சுத்திவிட்டு, வரிசையில இடது ஓரத்தில விட்டன். பேந்து காவலரணுக்குப் போகேக்கையும் அதே பழக்கத்தில இடது ஓரத்திலதான் விட்டன். முதல் சண்டை. ஆமிக்காரங்கள் இடது பக்கத்தாலதான் வந்தாங்கள்."

நான் சதுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான் தூக்கினனான். என்ர கையிலதான் போனவன்."

"ஏன் எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்ல?"

"பேரையும் ஊரையும் மாத்திக் குடுத்தவன். ஆமி இருக்கிற இடத்தில அம்மாவும் அக்காவும் இருக்கினம், கரைச்சல் வந்திடும் எண்டு. உண்மையான பேர் எனக்கு மட்டும்தான் சொன்னவன். வீட்டு நம்பரும் தந்தவன். எனக்கு ஒண்டு நடந்தா நீங்கள் ஒருக்கா எடுத்துச் சொல்லுங்கோ அண்ணை எண்டவன்."

"பிறகு?"

"அங்க இருந்து எடுக்க வழியில்லை. இஞ்ச வந்தும் துணிவில்லை. சமாதான காலத்திலதான் எடுத்தன். நான் நோர்வேயில இருந்து நகுலேசன் கதைக்கிறன் எண்டுதான் சொன்னன். மாமி என்னைக் கதைக்கவே விடேல்ல. தரகர் சொன்னவர் தம்பி, நோர்வே மாப்பிள்ளை தானே எடுப்பார் எண்டு, நீங்கள்தானே, சாதகம் கிடைச்சதோ, பிள்ளைக்கு இருபத்தஞ்சாகுது, தம்பியும் வீட்டில இல்லாமல் நான் தனிய நிண்டு அலையிறன் எண்டு ஒரே மூச்சில... அவ்வளவு சந்தோசமாக் கதைச்சவா. அந்தச் சந்தோசத்துக்குள்ள நான் எப்பிடிச் சொல்லுறது? அடுத்த முறை சொல்லுவம் எண்டு வைச்சன். அடுத்த முறை சாதகம் பொருந்தீட்டுது எண்டவா."

தரகர் சொன்ன உண்மையான நோர்வே மாப்பிள்ளை யாரோ, அவன் எடுக்கவேயில்லை. இவர்தான் அந்த மாப்பிள்ளை என்று அம்மா நினைத்துவிட்டா, இவரும் ஆகிவிட்டார்.

"அப்ப என்னைக் கட்டினது பாவத்துக்கோ?"

"தொடக்கத்தில," என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

காதில் தூரிட் அவசரமாக, வருகிறது, உன் பக்கம் வருகிறது என்றாள். வந்தது. குதிரை உயரத்தில் ஒரு பெண் எல்க், பக்கத்தில் கன்று இல்லை, சுடலாம். எங்களுக்கு முன்னால் நின்று தண்ணீரை மோந்து பார்த்தது. என் கையில் எனக்கென்றே எடுப்பித்த துவக்கு இருந்தது, வெறும் துவக்கு. எல்க் ஆறுதலாக நடந்து மரங்களுக்குள் போய்விட்டது.

ஏன் சுடவில்லை என்று எல்லோரும் கேட்டார்கள். ரவை போடவில்லை என்றேன். தூரிட்டின் அண்ணன் வாயைத் திறந்தார், தூரிட் அவரைப் பார்த்தாள், மூடிக்கொண்டார். பின்னேரம் வேறொருவர் ஒன்றைச் சுட்டார், எனக்கும் சமமான பங்கு தந்தார்கள். வழக்கம் அப்படியாம், சுட்டவருக்கும் சும்மா இருந்தவருக்கும் ஒரே அளவு.

செப்டெம்பர் 27

இறைச்சி வெட்டிப் பொதி கட்டிக் குளிரூட்டியில் அடுக்கினேன். இவருடன் கதைக்கவில்லை. இவர் கீழ்மாடியில் படுக்கிறார். கோபம் வந்தால் நல்லது. வருகிறது, பிறகு சேந்தனின் கழுத்தில் துவாய் சுற்றிவிடுகிற கையை நினைக்கிறேன், போய்விடுகிறது. பிறகு "விசாரிக்கிறன் மாமி" என்ற குரலை நினைக்கிறேன், திரும்ப வருகிறது.

செப்டெம்பர் 29

ஞாயிறு. போன் அடித்தது. நான் எடுத்து, சத்தம் வெளியே கேட்கும்படி மேசையில் வைத்தேன். "அம்மா, இவர் கதைக்கோணுமாம்" என்றேன். இவர் என்னைப் பார்த்தார். நான் என் கதிரையை விட்டு அசையவில்லை. நீங்களே சொல்லுங்கோ என்று வாயால் சொல்லவில்லை, இவருக்கு விளங்கியது.

எழுந்து நின்றார். எல்லாவற்றையும் சொன்னார், பயிற்சி, பெயர் மாற்றினது, இடது ஓரம், கையில் போனது, அந்த முதல் போன். எதையும் விடவில்லை. இடையில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

போனில் அம்மாவுக்குப் பின்னால் ஓட்டோ ஒன்று போவது மட்டும் கேட்டது. விழுந்துவிட்டாவோ என்று நான் எழும்பினேன்.

"எத்தினையாம் திகதி?" என்றா.

இவர் சொன்னார்.

"காலமையோ, பின்னேரமோ?"

"விடியப்புறம் மாமி. வெளிக்கேல்ல."

"திரும்பச் சொல்லும். ஐயரிட்டத் திதி கேக்கவேணும், பிழைக்கக்கூடாது."

இவர் திரும்பச் சொன்னார். அம்மா யாரையோ கூப்பிட்டு எழுதச் சொல்வது கேட்டது. பிறகு திரும்பப் போனுக்கு வந்து, அழுகை இல்லாத குரலில் சொன்னா:

"உயிரோட இருக்கிற பிள்ளைக்குத் திவசம் செய்யக்கூடாதெண்டு இவ்வளவு காலமும் நான் அவனுக்கு ஒரு வாய் தண்ணி வைக்கேல்ல தம்பி. என்ர பிள்ளை தண்ணி இல்லாமல் நிண்டிருக்கிறான்."

இவர் நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் போனை எடுத்துக் காதில் வைத்தேன். அம்மா இன்னும் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.